கெர்னலுக்குள் ஒரு சோதனைச்சாவடி: ஹேக்கத்தானுக்கு முன் கேள்வி பதில்

அடுத்த சனி, ஞாயிறு இரண்டு நாளும் செங்கோட்டையில் திறமூல ஹேக்கத்தான். தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகளும், மலைக்கு அந்தப் பக்கம் புனலூர், தென்மலையில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளும் சேர்ந்து உட்காரப் போகிறார்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள் ஓடும் சின்னச் சின்ன நிரல்கள்தான் இ-பிபிஎஃப்; அவற்றைக் கொண்டு நெட்வொர்க், கண்காணிப்பு, பாதுகாப்பு என மூன்றில் ஏதாவது ஒன்றில் உருப்படியாக ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். ஏழு வருடமாக இதோடு மல்லுக்கட்டுகிறவன் என்பதால் கேள்விகளை என்னிடம் தள்ளிவிட்டார்கள். வந்தவற்றில் சிலவற்றுக்குப் பதில் இங்கே.

அண்ணாச்சி, கெர்னல் மாட்யூல் எழுதினாலும் கெர்னலுக்குள்தானே ஓடுகிறது? இதில் புதிதாக என்ன இருக்கிறது? (செங்கோட்டை, மூன்றாம் ஆண்டு மாணவி)

மாட்யூல் என்பது கெர்னலோடு நேரே சேரும் கூடுதல் நிரல்; அதை யாரும் சோதிப்பதில்லை, தங்கச்சி. அதில் நினைவக முகவரியைச் சுட்டும் ஒரு பாயின்டர் தவறினால் இயந்திரமே விழுந்துவிடும். 2024 ஜூலை 19 அன்று விண்டோஸ் கெர்னலுக்குள் இருந்த ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத் திரையில் நின்றது நினைவிருக்கும். இ-பிபிஎஃப் நிரலை அப்படி நேரே உள்ளே விடமாட்டார்கள். வெரிஃபையர் என்று ஒருவர் வாசலில் உட்கார்ந்து, உங்கள் நிரல் போகக்கூடிய வழிகளை எல்லாம் நடந்து பார்ப்பார். முடிவில்லாத சுற்று உண்டா, எல்லை தாண்டி நினைவகத்தைத் தொடுகிறதா என்று பார்த்து, சந்தேகம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்.

இதன் வேர் பழையது. ஸ்டீவன் மெக்கேனும் வான் ஜேக்கப்சனும் 1990களின் தொடக்கத்தில், நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டுகளான பாக்கெட்டுகளை வடிகட்ட எழுதிய பிபிஎஃப்தான் மூலம். பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் கருவி இன்றும் அதன் மேல்தான் நிற்கிறது. அலெக்ஸி ஸ்டாரோவாய்டோவ் அதை விரித்து எழுத, 2014 டிசம்பரில் வந்த லினக்ஸ் 3.18-இல் அதற்கெனத் தனி சிஸ்டம் கால் (நிரல்கள் கெர்னலிடம் வேலை கேட்கும் வாசல்) சேர்ந்தது.

என்னிடம் 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்தான் இருக்கிறது. கெர்னலை முழுதாக கம்பைல் செய்ய வேண்டுமா? (சுரண்டை)

வேண்டாம். யாரோ சொன்னதைக் கேட்டு கெர்னல் மூலநிரல் முழுவதையும் இறக்க உட்காராதீர்கள். நம் ஊர் இணையத்தில் சனிக்கிழமை அதிலேயே போய்விடும். 5.8-க்குப் பிந்தைய கெர்னல் உள்ள லினக்ஸ் ஒன்றை மெய்நிகர் இயந்திரத்தில் 2 ஜிபி கொடுத்து ஏற்றுங்கள். `/சிஸ்/கெர்னல்/பிடிஎஃப்/விஎம்லினக்ஸ்` என்ற கோப்பு அதில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் பிபிஎஃப்டூல் என்ற கருவி அதிலிருந்தே தேவையான ஹெடர் கோப்பை உருவாக்கித் தரும். கிளாங் கம்பைலர், லிப்-பிபிஎஃப் நூலகம் இரண்டையும் வீட்டிலேயே நிறுவிக்கொண்டு வாருங்கள்.

மூன்று பிரிவில் எதை எடுப்பது? எங்கள் அணியில் நால்வர், யாருக்கும் முன் அனுபவம் இல்லை. (புனலூர்)

கண்காணிப்பை எடுங்கள். பார்ப்பதோடு நிற்கும் நிரல் எதையும் கெடுக்காது. ஆனால் கண்காணிப்பு என்றதும் பத்து வரைபடம் ஓடும் டாஷ்போர்டு செய்யக் கிளம்பிவிடாதீர்கள். அதைக் கண்டாலே எனக்கு அலுப்பு. ஒரே ஒரு கேள்வி, அதற்கு ஒரு பதில், அது போதும்.

என் மைத்துனருக்குச் செங்கோட்டையில் இரும்புக்கடை. பின்கட்டில் ஒரு லினக்ஸ் சர்வர், முன்னால் பில் போடும் கணினி. சாரல் காலத்தில் மாலையானால் பில் நின்று நின்று வரும். மென்பொருள் விற்றவர் சர்வர் பழசாகிவிட்டது, புதிது வாங்குங்கள் என்று சொல்லிவிட்டார். நான் போய் டிசிபி-ரீடிரான்ஸ் என்ற இ-பிபிஎஃப் கருவியை ஓடவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். போய்ச் சேராத பாக்கெட்டைக் கெர்னல் மறுபடி அனுப்பும் ஒவ்வொரு முறையும் அது ஒரு வரி எழுதும். அரை மணி நேரம் திரை காலி. சாரல் விழத் தொடங்கியதும் வரிகள் கொத்துக்கொத்தாக வந்தன. சாரல் நின்றதும் நின்றன. கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால், ஓட்டுத் தாழ்வாரத்துக்கு அடியில் யாரோ முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு. அதன் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். புது கேபிள் இழுத்தோம், அவ்வளவுதான். சர்வர் இன்னும் அதேதான். இந்த அளவில் ஒரு சிக்கலை உங்கள் தெருவில் தேடிக்கொண்டு வந்தால் பாதி வேலை முடிந்தது.

அதே டிசிபி-ரீடிரான்ஸை நானும் ஓட்டினேன். செயல்முறை எண் இருக்கும் இடத்தில் பெரும்பாலும் 0 வருகிறது. சில நேரம் சம்பந்தமே இல்லாத நிரலின் எண். கருவி பழுதா? (கடையநல்லூர்)

கருவி சரியாகத்தான் இருக்கிறது. மறுபடி அனுப்பும் வேலை பெரும்பாலும் டைமர் அடித்து நடப்பது. அந்த நொடியில் சிபியு யார் கையில் இருந்ததோ அவர் பெயர் பதிவாகிறது. சிபியு சும்மா இருந்தால் 0. திருட்டு நடந்த நேரத்தில் தெருவில் நடந்துபோனவரைப் பிடிப்பது போலத்தான் இது. அந்த எண்ணை விட்டுவிட்டு முகவரி, போர்ட் இரண்டையும் வைத்துத் தேடுங்கள்.

எந்த முகவரியிலிருந்து எத்தனை பாக்கெட் என்று எண்ணும் நிரல் எழுதினேன். 'மேப் வேல்யூ ஆர் நல்' என்று சொல்லி வெரிஃபையர் தள்ளிவிடுகிறது. இரண்டு வரிக்கு முன்னால்தான் அந்த முகவரியை மேப்பில் சேர்த்திருக்கிறேன், பிறகு எப்படி இல்லாமல் போகும்? (பாவூர்சத்திரம்)

எல்லோரும் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான், தம்பி. மேப் என்பது நிரல் கணக்கு எழுதிவைக்கும் அட்டவணை; மளிகைக்கடைப் பற்று நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயருக்குப் பக்கம் இருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பதுதான் தேடல். இருந்தால் பக்கம் கிடைக்கும், இல்லாவிட்டால் வெறுங்கை, அதுதான் 'நல்'. சற்று முன் நானே எழுதினேன் என்கிறீர்கள். நோட்டு நிறைந்துபோய் எழுத்து ஏறாமல் போயிருக்கலாம். நீங்கள் எழுதி முடித்ததும் இன்னொரு சிபியு அந்தப் பக்கத்தைக் கிழித்திருக்கலாம். எழுதியபோது கிடைத்த விடையைப் பார்த்தீர்களா? பார்த்திருக்கமாட்டீர்கள், யாரும் பார்ப்பதில்லை. வெரிஃபையர் நம்பாதது நியாயம்தான். தேடிய உடனே, கிடைத்தது அந்த 'நல்'தானா என்று ஒரு 'இஃப்' வைத்து, ஆமென்றால் வெளியேறுங்கள்; பிழை போய்விடும்.

அடுத்து பாக்கெட்டைப் படிக்கும் இடத்திலும் இதே கதை வரும். ஈதர்நெட் தலைப்பு 14 பைட், ஐபி தலைப்பு குறைந்தது 20. இந்த 34 பைட்டும் பாக்கெட்டின் முடிவுக்குள் இருக்கிறதா என்று ஒப்பிட்ட பிறகே உள்ளே கை வைக்க வேண்டும்.

அதோடு, கணக்கை ஒன்று கூட்டும்போது கவனம். இரண்டு சிபியு ஒரே பக்கத்தில் ஒரே நேரத்தில் எழுதினால் ஒருவர் கணக்கு காணாமல் போகும். இடையில் யாரும் புக முடியாத அணுக் கூட்டலை (அட்டாமிக்) பயன்படுத்துங்கள், அல்லது சிபியுவுக்கு ஒன்றாகப் பிரிந்த மேப்பை எடுத்துக் கடைசியில் கூட்டிக்கொள்ளுங்கள். இந்தத் தவறை வெரிஃபையர் பிடிக்காது.

எக்ஸ்டிபி-யை ஏன் இவ்வளவு புகழ்கிறார்கள்? ஃபயர்வால் செய்யாததையா செய்கிறது? (ஆரியங்காவு)

எக்ஸ்டிபி என்பது பாக்கெட் வந்து விழும் இடத்திலேயே இ-பிபிஎஃப் நிரலை ஓட்டும் வசதி. நீங்கள் மலைப்பாதைக்காரர், உங்களுக்குச் சொல்வது சுலபம். கேரளாவுக்குப் போகக் கூடாத லாரியைப் புளியரைச் சோதனைச்சாவடியிலேயே திருப்பிவிடலாம். மலை ஏறி, இறங்கி, கொல்லம் சந்தையில் சரக்கை இறக்கிய பிறகும் திருப்பலாம். வழக்கமான ஃபயர்வாலுக்கு வருவதற்குள் கெர்னல் அந்தப் பாக்கெட்டுக்கு நினைவகம் ஒதுக்கி, விவரம் எழுதி, பாதி வேலையைச் செய்து முடித்திருக்கும். எக்ஸ்டிபி நெட்வொர்க் டிரைவரிலேயே, அதற்கெல்லாம் முன்னால் ஓடுகிறது. வெள்ளமாக வரும் தாக்குதலைத் தடுக்கும்போது அந்த வேறுபாடு தெரியும். ஃபேஸ்புக் 2018-இல் திறமூலமாக வெளியிட்ட கட்ரான் என்ற சுமைப் பகிர்வி இதன் மேல் எழுதப்பட்டதுதான்.

தொலைவில் இருக்கும் சர்வரில் எல்லாப் பாக்கெட்டையும் தள்ளிவிடும் எக்ஸ்டிபி நிரலை ஏற்றினேன். அதன் பிறகு என்னால் உள்ளே நுழையவே முடியவில்லை. (பெயர் வேண்டாம் என்றார்)

நிரல் நன்றாக வேலை செய்கிறது, வாழ்த்துகள்! உட்கார்ந்த கிளையையே வெட்டியிருக்கிறீர்கள். நானும் ஒருமுறை வெட்டியவன்தான். இனி ஏற்றுவதற்கு முன், 60 நொடி கழித்து அதை இறக்கிவிடும் கட்டளையைப் பின்னணியில் ஓடவிட்டு ஏற்றுங்கள். இப்போதைக்குச் சர்வரை மறுதொடக்கம் செய்தால் சரியாகிவிடும்.

குறிப்பிட்ட கோப்பை யாரும் திறக்க முடியாதபடி தடுக்க வேண்டும். கே-புரோப் வைத்தால் போதுமா? (சாம்பவர் வடகரை)

போதாது. கே-புரோப் என்பது கெர்னல் சார்பு ஒன்றில் மாட்டும் கண்காணிப்புக் கொக்கி; பொதுவாக அது பார்க்கும், தடுக்காது. அதிலும் சிஸ்டம் கால் நுழையும் இடத்தில் நீங்கள் படிக்கும் கோப்புப் பெயர் பயனர் நினைவகத்தில் இருப்பது. நீங்கள் படித்த பிறகு கெர்னல் படிப்பதற்குள் அதை மாற்றிவிட முடியும். தடுக்க வேண்டுமானால் 2020-இல் 5.7 கெர்னலில் வந்த பிபிஎஃப் எல்எஸ்எம் கொக்கிகள்தான் சரியான வழி; கெர்னல் அனுமதி சரிபார்க்கும் இடங்களில் மாட்டுபவை அவை. அங்கே அனுமதி இல்லை என்ற எண்ணைத் திருப்பினால் கதவு திறக்காது. ஒரு பொறி உண்டு: கெர்னலில் வசதி இருந்தாலும் பூட் ஆகும்போது இயக்கப்பட்டிருக்காது. `/சிஸ்/கெர்னல்/செக்யூரிட்டி/எல்எஸ்எம்` கோப்பில் 'பிபிஎஃப்' என்ற சொல் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டு வாருங்கள்.

சார், கல்லூரி ஆய்வகக் கணினிகளில் மாணவர்களை இதை ஓட்ட விடலாமா? (தென்காசி, விரிவுரையாளர்)

நேரடியாக வேண்டாம், ஐயா. மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓட்டட்டும். இந்த நிரல்களை ஏற்ற ரூட் அனுமதி அல்லது அதற்கு நெருங்கிய உரிமை வேண்டும். ஏறிவிட்டால், மறையாக்கம் ஆவதற்கு முன்பே மறையாக்கம் செய்யும் ஓபன்-எஸ்எஸ்எல் நூலகத்துக்குள் போகும் எழுத்துகளைக் கூடப் படித்துவிடலாம். அடுத்த இருக்கைக்காரரின் கடவுச்சொல்லும் அதில் வரும். நிரல் இயந்திரத்தைக் கவிழ்க்காது என்பதற்குத்தான் வெரிஃபையர் காவல். எழுதியவரின் எண்ணத்தை அது பார்ப்பதில்லை.

உரிமம் எது? (தென்மலை)

கெர்னலுக்குள் போகும் பகுதிக்கு ஜிபிஎல் என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் தன்னிடம் உள்ள பல உதவிச் சார்புகளை (ஹெல்ப்பர் ஃபங்ஷன்) கெர்னல் தொடவே விடாது. வெளியே ஓடும் பகுதிக்கு உங்கள் விருப்பம்.

இரவு முழுவதும் உட்கார வேண்டுமா? சாப்பாடு? (மீண்டும் புனலூர்)

12 மணிக்குப் படுத்துவிடுங்கள். தூக்கக் கலக்கத்தில் வெரிஃபையர் பதிவைப் படித்தால் ஒன்றும் ஏறாது. நூற்றுக்கணக்கான வரி வரும், பிழை பெரும்பாலும் கடைசி நான்கைந்து வரியில்தான் இருக்கும். சனிக்கிழமை இரவு பிரானூர் பார்டரில் புரோட்டா, என் கணக்கு. மின்சாரம் போகலாம், லேப்டாப்பை முழுதாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வாருங்கள். ஆளுக்கொரு குடையும்.