மலாய், சீன நண்பர்கள் வீட்டுக்குப் போறப்ப எப்படி நடந்துக்கணும்?

தமிழ்நாட்டுலேர்ந்து மலேசியாவுல இருக்கற பினாங்குக்கு வேலைக்கு வந்திருக்கீங்க, ஆபீஸ்ல ஒரு மலாய் நண்பர் நோன்புப் பெருநாள் ஓப்பன் ஹவுஸுக்கு, அதாவது பெருநாளுக்கு வீட்டுல வச்சுக் குடுக்கற விருந்துக்கு, கூப்பிட்டிருக்கார், போலாமான்னு கேட்டிருக்கீங்க. கண்டிப்பா போங்க, போகாம இருந்தாத்தான் அவருக்கு வருத்தமா இருக்கும். செருப்பை வாசல்லயே கழட்டிடுங்க, குடுக்கறது வாங்கறது எல்லாம் வலது கையால, ஆம்பளைங்க கையை மெதுவா தொட்டு நெஞ்சுல கை வைப்பாங்க நீங்களும் அப்படியே செய்யலாம், ஆனா பெண்கள்கிட்ட நீங்களா கை நீட்டாதீங்க, நெஞ்சுல கை வச்சு சிரிச்சாலே மரியாதைதான். ஏதாவது வாங்கிட்டுப் போனா ஹலால் முத்திரை இருக்கான்னு பாத்து வாங்குங்க. எதையாவது காட்டணும்னா ஆள்காட்டி விரலை நீட்டாம கட்டை விரலால காட்டுங்க.

சீனப் புத்தாண்டுக்கு சீன நண்பர் வீட்டுக்குப் போனா ரெண்டு மாண்டரின் ஆரஞ்சு, ஜோடியா எடுத்துட்டுப் போங்க. கருப்பு, வெள்ளை சட்டை வேணாம், கடிகாரத்தைப் பரிசா குடுக்கவே குடுக்காதீங்க.

இதெல்லாம் ரூல்ஸ் மாதிரி பயந்து மனப்பாடம் பண்ண வேணாம். ஒருநாள் பினாங்கோட தலைநகர் ஜார்ஜ் டவுன்ல மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலையில நடந்து பாருங்க, சீனர்களோட குவான் யின் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் ரெண்டும் அதே சாலையில, குயின் தெரு மாரியம்மன் கோயில் பக்கத்துலயே. தைப்பூசத்துக்கு சீனர்களும் வேண்டிக்கிட்டு தேங்காய் உடைப்பாங்க, அதைப் பாக்கும்போது எனக்கு அவ்ளோ சந்தோஷமா இருக்கும்.

தீபாவளிக்கு நீங்களும் அவங்களைக் கூப்பிடுங்க, கோழி ஹலால் கடையில வாங்குனதுன்னு முன்னாடியே சொல்லிடுங்க.