வார்ம் மிக்ஸ் தார் சாலை: வாசகர் கேள்வி – பதில்

சூட்டைக் குறைத்தால் தார் கெட்டியாகி ஜல்லியில் ஒட்டாதே? வார்ம் மிக்ஸில் மட்டும் எப்படி ஒட்டுகிறது?
– வாசகர், அரூர்

வெறுமனே குறைத்தால் ஒட்டாதுதான். வார்ம் மிக்ஸ் என்பது தாரையும் ஜல்லியையும் வழக்கத்தை விடக் குறைந்த சூட்டில் கலக்கும் முறை. வழக்கமான ஹாட் மிக்ஸில் விஜி-30 என்ற வகைத் தாரை 150–165 டிகிரி செல்சியஸிலும் ஜல்லியை 150–170 டிகிரியிலும் வைத்துக் கலக்கிறோம். வார்ம் மிக்ஸில் இது 20 முதல் 40 டிகிரி வரை இறங்கும். அதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது மெழுகு. சாசோபிட் போன்றவை 100 டிகிரியை ஒட்டி உருகித் தாரை இளக்கிவிடும். ஆறியதும் தாருக்குள்ளேயே இறுகி விறைப்பைக் கூட்டும். தாரின் எடையில் 1.5 முதல் 3 சதவீதம் போதும். மேலே போனால் குளிர்ந்த இடங்களில் விரிசல் விழும். இரண்டாவது நுரை. சூடான தாரில் அதன் எடையில் 1–2 சதவீதத் தண்ணீரைப் பீய்ச்சினால், அது ஆவியாகித் தாரை நுரைக்க வைக்கும். பருமன் பெருகுவதால் ஜல்லி முழுக்கப் பூசிக்கொள்ளும். தண்ணீருக்குப் பதிலாக, தனக்குள் நீரைப் பிடித்து வைத்திருக்கும் ஜியோலைட் பொடியையும் போடுவார்கள். மூன்றாவது எவோதெர்ம், சைக்கோதெர்ம் போன்ற ரசாயன மருந்துகள். இவை தாரைப் பெரிதாக இளக்காது. தாரும் கல்லும் சேரும் இடத்தில் உராய்வைக் குறைக்கும், ஒட்டுதலைக் கூட்டும். நம் நாட்டில் இதற்கான வழிகாட்டி, இந்தியச் சாலைப் பேரவையின் (ஐ.ஆர்.சி.) எஸ்.பி. 101.

மருந்து கலந்து 130 டிகிரியில் பிளான்ட் ஓட்டுகிறோம். மழைக்காலத்தில் எரிபொருள் செலவு குறையவே இல்லை. புகையின் தூசியைப் பிடிக்கும் பேக் ஃபில்டரும் அடைத்துக்கொள்கிறது. மருந்து சரியில்லையா?
– ஒப்பந்ததாரர், தர்மபுரி

மருந்தை விடுங்கள், கல் உடைக்கும்போது விழும் தூளான கிரஷர் டஸ்ட் குவியலைப் போய்ப் பாருங்கள். ஒரு டன் ஜல்லியை 30 டிகிரி குறைவாகச் சூடாக்கினால் மிச்சமாவது சுமார் 25 மெகாஜூல். அதே ஒரு டன்னில் 1 சதவீதம் ஈரம் கூடுதலாக இருந்தால் 10 லிட்டர் தண்ணீர். அதை ஆவியாக்கவும் ஏறக்குறைய அதே 25 மெகாஜூல் வேண்டும். வார்ம் மிக்ஸ் கொடுத்ததை மழை எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

ஈரத்தை அதிகம் பிடித்து வைப்பது பெரிய ஜல்லி அல்ல, டஸ்ட். கலவையில் 40 சதவீதம் டஸ்ட் என்றால், அதன் ஈரம் 6 இலிருந்து 3 சதவீதமாக இறங்கினாலே மொத்தத்தில் 1.2 சதவீதம் குறையும். 30 டிகிரி இறக்கியதை விட இது பெரிய ஆதாயம். எனவே எல்லாவற்றுக்கும் கூரை போடப் பணமில்லை என்றால் டஸ்டுக்கு மட்டுமாவது போடுங்கள். தரையைச் சரிவாகக் கான்கிரீட் போட்டு நீர் வடிய விடுங்கள். லோடர் அடிமட்டத்தை வழித்து அள்ளக் கூடாது. தினமும் காலையில் ஒரு கிலோ மாதிரியை எடை போட்டு, 105–110 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும் வரை உலர்த்தி மறுபடி எடை பாருங்கள். குவியலைத் திறந்தவெளியில் நனையவிட்டு, மருந்துக்குப் பணம் கொட்டுவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பேக் ஃபில்டர் அடைப்புக்குக் காரணம் வேறு. பர்னரைக் குறைத்ததும் வெளியேறும் புகையின் சூடும் இறங்குகிறது. நீராவி வடிகட்டிப் பையிலேயே குளிர்ந்து, தூசியைச் சேறாக்கி அப்பிவிடுகிறது. ஜல்லி விடுவதற்கு முன் 15–20 நிமிடம் ஜல்லியை உலர்த்தும் டிரம்மையும் வடிகட்டிப் பைகள் இருக்கும் பேக் ஹவுஸையும் வெறுமனே சூடாக்குங்கள். காற்று கசியும் இணைப்புகளை அடையுங்கள். டிரம்முக்குள் ஜல்லியை வாரி இறைக்கும் தகடுகளில் சிலவற்றைக் கழற்றினால் புகை கொஞ்சம் கூடுதல் சூட்டோடு வெளியேறும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஜல்லியில் பழுப்புக் கறை தெரிந்தால், குறைந்த தீயில் எண்ணெய் முழுக்க எரியாமல் கல்லில் படிகிறது என்று அர்த்தம். அது தாரை இளக்கிக் கெடுக்கும். பர்னர் நாசிலைச் சுத்தம் செய்யுங்கள். ஃபர்னஸ் ஆயில் என்றால் முன்சூட்டைச் சரிபாருங்கள். டிப்பரில் கொட்டிய கலவையிலிருந்து நீராவி எழுந்தால் கல்லின் உள் ஈரம் போகவில்லை. அந்தச் சாலையில் அடுத்த மழைக்கே தார் உரியும். மணிக்கு இத்தனை டன் என்ற வேகத்தைக் குறையுங்கள். ஈரத் தாங்குதிறன் சோதனையில் டி.எஸ்.ஆர்., அதாவது நனைந்த மாதிரியின் இழுவலிமை உலர்ந்ததில் எத்தனை சதவீதம் என்ற கணக்கு, 80 சதவீதத்துக்குக் குறையாமல் வர வேண்டும்.

பிளாஸ்டிக் சாலையையும் வார்ம் மிக்ஸாகப் போடலாமா?
– பொறியியல் மாணவி, மதுரை

உங்கள் ஊர் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கிய உலர் முறையில், நறுக்கிய பிளாஸ்டிக் சூடான ஜல்லியின் மேல் உருகிப் படலமாக வேண்டும். அதற்கு ஜல்லி 160 டிகிரியை ஒட்டி இருந்தாக வேண்டும். 130 டிகிரியில் பிளாஸ்டிக் சரியாகப் பரவாமல் திட்டுத் திட்டாக நிற்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

மேட்டுப்பாளையத்தில் கலந்து மலைக்கு ஏற்றினால் வழியிலேயே கலவை ஆறிவிடுகிறது. வார்ம் மிக்ஸ் உதவுமா?
– சாலைப் பணி மேற்பார்வையாளர், கோத்தகிரி

நன்றாக உதவும். ஆனால் அங்கே சூட்டை இறக்கப் பார்க்காதீர்கள். மருந்தைப் போட்டு, வழக்கமான சூட்டிலேயே கலந்து அனுப்புங்கள். சாதாரணக் கலவை விறைத்துப்போகும் சூட்டிலும் இது ரோலருக்கு மசியும். டிப்பரைத் தார்ப்பாயால் இறுக்கி மூடுங்கள். சூடு பார்க்கும் லேசர் துப்பாக்கி மேற்பரப்பின் சூட்டை மட்டுமே காட்டும். கம்பி வெப்பமானியைக் குவியலுக்குள் செருகிப் பாருங்கள். மெழுகு சேர்த்த கலவை என்றால், அது இறுகுவதற்குள், அதாவது 100 டிகிரிக்குக் கீழே போகும் முன்பே, முக்கிய உருட்டலை முடித்துவிடுங்கள்.