மூன்று வாரத்தில் புல் சாகவில்லை என்று அட்டையை எடுத்துவிடாதீர்கள்

கேள்வி: காய்கறிப் பாத்தி போடுவதற்காகப் புல் மண்டிய இடத்தில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து மூன்று வாரம் ஆகிறது. தூக்கிப் பார்த்தால் புல் வெளுத்திருக்கிறதே தவிரச் சாகவில்லை. ஓரங்களில் பச்சையாகத் துளிர்க்கிறது. நிலத்தைச் சீர்செய்து தரும் ஒப்பந்தக்காரர், "இது வேலைக்காகாது, உழுதுவிட்டு ஒரு லோடு மண் கொட்டினால் இரண்டு நாளில் பாத்தி தயார்" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: புல் வெளுத்திருக்கிறது என்றால் நீங்கள் செய்த காரியம் பலிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஒளி கிடைக்காத புல், வேரிலும் மண்ணுக்கடியில் ஓடும் தண்டிலும் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்தைச் செலவழித்துத்தான் அந்த வெளிறிய தளிர்களை நீட்டுகிறது. அந்தச் சேமிப்பு தீரும்வரை அது சாகாது. விதையிலிருந்து முளைக்கும் சிறு களைகள் சில வாரங்களிலேயே மடிந்துவிடும். அருகம்புல்லைப் போல அடித்தண்டு ஓடும் புல்லுக்கு வெயில் காலத்திலும் இரண்டு மூன்று மாதம் தேவைப்படும், குளிர்காலமானால் வளர்ச்சியோடு செலவும் குறைவதால் அதைவிட நீளும். இடையில் நான்கு நாள் திறந்து வைத்தால் பச்சை பிடித்து, இழந்ததில் ஒரு பகுதியை மீண்டும் சேர்த்துக்கொள்ளும் என்பதால், முழு அட்டையையும் தூக்கிப் பார்க்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். சோதிக்க வேண்டுமானால், இரண்டு மாதம் கழித்து ஒரு மூலையை மட்டும் விலக்கி, விரல் நீளத்துக்கு ஒரு அடித்தண்டைத் தோண்டி எடுத்து ஒடித்துப் பாருங்கள். படக்கென்று ஒடிந்து உள்ளே வெண்மையும் ஈரமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பேறித் துவண்டு, நசுக்கினால் நார்நாராகப் பிரிந்தால் கதை முடிந்தது.

ஓரத்தில் துளிர்ப்பதற்குக் காரணம் வேறு. அட்டைக்கு வெளியே வெயிலில் நிற்கும் புல், உள்ளே இருட்டில் கிடக்கும் தண்டுக்குத் தொடர்ந்து உணவு அனுப்பிக்கொண்டிருக்கிறது. பாத்தியைச் சுற்றி மண்வெட்டியால் 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி அந்தத் தொடர்பை அறுத்துவிட்டு, அட்டையைப் பாத்தியின் எல்லைக்கு வெளியே ஓர் அடி வரை நீட்டி விரியுங்கள். ஒட்டு நாடாவையும் கம்பி ஊசிகளையும் நீக்கிய, பளபளப்புப் பூச்சு இல்லாத பழுப்பு அட்டையே போதும். ஒன்றன்மேல் ஒன்று ஒரு சாண் படியும்படி அடுக்கி, நன்றாக நனைத்து, மேலே 10 செ.மீ. கனத்துக்குத் தழையோ மட்கோ மூடாக்காகப் போடுங்கள்.

இனி ஒப்பந்தக்காரர் சொன்னதற்கு வருகிறேன். இந்த ஆலோசனையால் கெட்டுப்போன பாத்திகளை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். உழப் பயன்படுத்தும் ரோட்டவேட்டர் என்னும் சுழல் கலப்பை அடித்தண்டைச் சாகடிப்பதில்லை, துண்டு போடுகிறது. கணு உள்ள ஒவ்வொரு துண்டும் தனிச் செடியாக எழும். உழுத அன்று நிலம் துடைத்து வைத்தாற்போல் இருக்கும், பணம் கைமாறும், மூன்றாம் வாரம் புல் முன்னைவிட அடர்த்தியாக வரும்போது அந்த ஆள் தொலைபேசியை எடுக்க மாட்டார். லோடு மண் அதைவிட மோசம். விற்கும் விதையில் களை விதை இந்த அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று பல நாடுகளில் சட்டம் உண்டு. அதே களை விதையும் கிழங்கும் டன் கணக்கில் கலந்த மண்ணை, எங்கே வெட்டியது என்றுகூடச் சொல்லாமல் வாசலில் கொட்டிவிட்டுப் போகிறவரை ஏனென்று கேட்க ஆளில்லை. விதைக்கு உள்ள கட்டுப்பாடு மண்ணுக்கு ஏன் இல்லை என்று கேட்டுக் கேட்டு எனக்கே சலித்துவிட்டது. தொழு உரத்திலும் இதே கவனம் தேவை. அமினோபைரலிட் போன்ற களைக்கொல்லி தெளித்த புல்லைத் தின்ற மாட்டின் சாணத்தில் அந்த நஞ்சு அழியாமல் வந்து, தக்காளியையும் அவரையையும் முடக்கிவிடும். வாங்கிய உரத்தை மண்ணோடு கலந்து ஒரு தொட்டியில் நான்கு அவரை விதை ஊன்றிப் பாருங்கள். மூன்று வாரத்தில் இலைகள் கிண்ணம்போல் சுருண்டால் அந்த உரத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

நீங்கள் புல் என்று எழுதியிருப்பது உண்மையில் கோரையாக இருந்தால் மட்டும் மேலே சொன்னது போதாது. தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். மூன்று விளிம்புகள் தட்டுப்பட்டால் அது கோரை. அதன் கூரிய முளை, நனைந்த அட்டையை மட்டுமல்ல, கறுப்புப் பாலித்தீன் தாளையே குத்திக்கொண்டு மேலே வரும். கண்ணாடிபோல் தெளிந்த தாளின் கீழோ, ஒளி பட்டவுடன் இலை விரிந்து முளையின் கூர்மை போய்விடுவதால் அங்கேயே சிக்கிக்கொள்ளும். ஆனாலும் அடியில் இருக்கும் கிழங்கு சாவதில்லை. கையால் பிடுங்கினாலும் பயனில்லை, ஏனென்றால் கிழங்குகள் கம்பிபோன்ற இழையில் சங்கிலியாகக் கோத்திருக்கின்றன. இழுத்தால் இழை அறுந்து, அதுவரை உறங்கிய கிழங்குகளும் முளைத்தெழும். மண் ஈரமாக இருக்கும்போது முள்வாரியால் 20 செ.மீ. வரை கிளறி, கிழங்குகளைக் கையால் பொறுக்கி எடுங்கள். பிறகு அட்டை விரித்து, துளைத்துக்கொண்டு வரும் ஒவ்வொரு முளையையும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடியோடு தோண்டி எடுத்தால், புதுக் கிழங்கு வைக்க அதற்கு நேரம் கிடைக்காது. ஒரு பருவம் முழுவதும் விடாமல் செய்ய வேண்டிய வேலை இது. பொறுக்கிய கிழங்குகளை மட்குக் குழியில் போடாதீர்கள்.

கோரை இல்லையென்றால் உங்கள் வேலை எளிது. புல் மடிந்தபின் அட்டையை எடுக்கவோ மண்ணைக் கொத்தவோ வேண்டியதில்லை. நாற்று நட வேண்டிய இடத்தில் மட்டும் கத்தியால் கிழித்து, ஒரு கை மட்கு இட்டு நட்டுவிடுங்கள். கேரட் போன்ற நேரடி விதைப்பை மட்டும், அட்டை முழுவதும் மட்கிப்போகும் அடுத்த பருவத்துக்குத் தள்ளி வையுங்கள்.