15 கணினிகள் உள்ள அலுவலகத்தை லிப்ரே ஆபீஸுக்கு மாற்ற முடியுமா?

"எங்கள் நிறுவனத்தில் 15 கணினிகள். எல்லாவற்றிலும் லிப்ரே ஆபீஸ் போட்டுவிட்டால் வேலை கெடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக மாற்றலாம். வேர்ட், எக்செல் செய்யும் வேலைகளைச் செய்யும் இலவச மென்பொருள்தான் லிப்ரே ஆபீஸ். ஆனால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். கணக்குப் பிரிவில் ஒன்றிரண்டு கணினிகளில் எக்செல் இருக்கட்டும். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தின் கணினிகளைக் கவனித்துக்கொள்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஆட்களிடம் கேட்பதற்கு முன் கோப்புகளைப் பாருங்கள். எவை உள்ளேயே பிறந்து உள்ளேயே முடிகின்றன, எவை வெளியே போகின்றன, எவை வெளியிலிருந்து வருகின்றன என்று பிரித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். கொட்டேஷன், பேக்கிங் லிஸ்ட், சம்பளப் பட்டியல், கடிதம் எல்லாம் லிப்ரே ஆபீஸில் நன்றாகவே நடக்கும். வெளியே போவது பெரும்பாலும் பிடிஎஃப்தான். அதற்கான பொத்தான் மேலேயே இருக்கிறது.

சிக்கல் மேக்ரோ (கோப்புக்குள்ளேயே எழுதி வைத்த சிறு நிரல்) உள்ள கோப்புகளில்தான். ஜிஎஸ்டிஆர்-3பி, ஜிஎஸ்டிஆர்-9 படிவங்களுக்கு ஜிஎஸ்டி தளம் தரும் ஆஃப்லைன் கோப்புகள் எக்செல் மேக்ரோவில் எழுதப்பட்டவை. லிப்ரே ஆபீஸில் அவை திறக்கலாம்; ஆனால் அதை நம்பி ரிட்டர்ன் போட முடியாது. பையர் அனுப்பும் மேக்ரோ ஷீட்டுகளுக்கும் இதே கதைதான். அந்த வேலைக்காக ஒன்றிரண்டு லைசென்ஸைக் காசு கொடுத்து வாங்கி வைப்பதில் எந்தக் குறையும் இல்லை.

நிறுவியதும் சில அமைப்புகளை நீங்களே எல்லாக் கணினியிலும் செய்துவிடுங்கள். மொழி அமைப்பில் லொகேல், அதாவது தேதியும் எண்ணும் எந்த நாட்டு முறையில் என்பது, 'இங்கிலீஷ் (இந்தியா)' என்று இருக்க வேண்டும். அமெரிக்க அமைப்பில் விட்டால் 05/04 என்பது ஏப்ரல் 5 ஆகாமல் மே 4 ஆகிவிடும். பில் தேதிகளில் இது விபரீதம். லட்சம், கோடிக் கமாவுக்கு செல் ஃபார்மேட்டில் #,##,##0.00 என்று கொடுங்கள். மைக்ரோசாஃப்ட் ஆபீஸின் மேல்பட்டையான ரிப்பனுக்குப் பழகியவர்கள் முதல் நாளே முகம் சுளிப்பார்கள். வியூ மெனுவில் யூசர் இன்டர்ஃபேஸ் போய் 'டேப்ட்' என்று வைத்தால் பெரும்பாலும் சமாதானமாகிவிடுவார்கள். பட்டியலில் தேடி எடுக்கும் எக்ஸ்லுக்அப் ஃபார்முலா இல்லையே என்று யாராவது சொன்னால் பழைய பதிப்பு வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், 24.8 பதிப்பிலிருந்து அது இருக்கிறது. கலிப்ரி எழுத்துருவுக்குப் பதில் கார்லிட்டோ கூடவே வருகிறது. எழுத்துகளின் அகலம் ஒன்றே என்பதால் வரிகள் இடம் மாறாது.

கோப்பு வடிவத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஒரே கோப்பை ஒருநாள் ஓடிஎஸ் (லிப்ரே ஆபீஸின் வடிவம்), மறுநாள் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் (எக்செல் வடிவம்) என்று மாற்றி மாற்றிச் சேமித்தால் ஃபார்மேட்டிங் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும். வெளியாருடன் பரிமாறுவது எக்ஸ்எல்எஸ்எக்ஸ். நம்முடையவை ஓடிஎஸ் போன்ற ஓடிஎஃப் வடிவங்களில் இருக்கட்டும். 2006-லேயே ஐஎஸ்ஓ தரமான வடிவம் அது. எந்த ஒரு கம்பெனியின் தயவும் இல்லாமல் பத்து வருடம் கழித்தும் நம் காஸ்ட்டிங் ஷீட்டைத் திறக்கலாம். இலவசம் என்பதைவிட எனக்கு இதுதான் பெரிய காரணம்.

இன்னொரு காரணத்தையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்ச் சிறு அலுவலகங்கள் பலவற்றில் ஓடுவது கிராக் செய்த ஆபீஸ். எங்கிருந்தோ இறக்கிய ஆக்டிவேட்டரை நம்பி மொத்தக் கணக்கையும் அந்தக் கணினியில் வைக்கிறோம். லிப்ரே ஆபீஸை வியாபாரத்துக்கு எத்தனை கணினியில் வேண்டுமானாலும் சட்டப்படியே போடலாம். மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். முடிந்தால் லிப்ரே ஆபீஸை நடத்தும் டாக்குமென்ட் ஃபவுண்டேஷனுக்கும் கொஞ்சம் நன்கொடை அனுப்புங்கள்.

தேடும்போது ஓபன் ஆபீஸும் கண்ணில் படும். 2010-ல் அதிலிருந்து பிரிந்ததுதான் லிப்ரே ஆபீஸ். வளர்ச்சி இப்போது இதில்தான் நடக்கிறது. இதையே எடுங்கள்.

இந்தச் சூட்டோடு விண்டோஸை விட்டு லினக்ஸ் இயங்குதளத்துக்கும் போய்விடலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். பிரான்ஸின் ஜான்டார்மரி காவல்படை 2005-ல் விண்டோஸிலேயே ஓபன் ஆபீஸுக்கு மாறியது. லினக்ஸ் வகையான உபுண்டுவுக்கு நகர ஆரம்பித்தது 2008-ல். அந்த வரிசை சரியானது. ஆட்கள் ஒரு மாற்றத்துக்குப் பழகிய பிறகு அடுத்ததைப் பேசலாம். டேலி விண்டோஸுக்கானது என்பதால் கணக்குப் பிரிவை அப்போதும் லினக்ஸ் மாற்றத்தில் சேர்க்க வேண்டாம்.