ஹரிக்கேன் வருகிறது, படகை என்ன செய்வது? – கேள்வி பதில்

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அட்லாண்டிக் ஹரிக்கேன் சீசன். புளோரிடா, டெக்சாஸ், கரோலினா கரைகளில் படகு வைத்திருக்கும் நம்மவர்கள் கேட்டவை இவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, முன்னறிவிப்புப் படத்துல அந்த வெள்ளைக் கூம்பு எங்க மெரினாவை விட்டு வடக்கே நகர்ந்துடுச்சு. இனி நிம்மதியா இருக்கலாமா?

இருக்க முடியாது. கூம்பு புயலின் அகலத்தைக் காட்டுவதில்லை. மையம் எந்த வழியாகப் போகலாம் என்பது மட்டும்தான் அதில் இருக்கிறது. கடந்த ஐந்து ஆண்டுகளின் கணிப்புப் பிழைகளை வைத்து வரைகிறார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு தடவை மையம் கூம்புக்குள் நிற்கும், மீதி ஒரு தடவை வெளியே போகும். காற்றும் தண்ணீரும் கூம்பின் ஓரத்தைத் தாண்டி நூறு மைலுக்கும் போகும்.

2022-இல் இயன் புயல் வந்தபோது எல்லார் கண்ணும் புளோரிடாவின் டாம்பா மேல் இருந்தது. செப்டம்பர் 28 அன்று மையம் கரையேறியது அதற்குத் தெற்கே, ஃபோர்ட் மையர்ஸ் பக்கத்துத் தீவான காயோ கோஸ்டாவில். டாம்பா விரிகுடாவில் காற்று கரையிலிருந்து கடல் பக்கம் வீசி, தண்ணீரை வெளியே இழுத்துக்கொண்டு போனது. தண்ணீர் ஏறும் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். கயிற்றை மேலே ரொம்ப இறுக்கிக் கட்டினால், தண்ணீர் வடியும்போது படகு கிளீட்டில் (கயிறு கட்டும் உலோகக் கொம்பில்) தொங்கும்.

கேள்வி: அப்போ எதைத்தான் பார்க்கணும்?

நேரத்தைப் பாருங்கள். தேசிய ஹரிக்கேன் மையம், மணிக்கு 39 மைல் காற்று உங்கள் இடத்துக்கு எப்போது வந்து சேரலாம் என்று ஒரு படம் போடுகிறது. அதில் இரண்டு வகை உண்டு: 'பெரும்பாலும் வரும் நேரம்', 'முன்கூட்டியே வரக்கூடிய நேரம்'. இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கும் முன்பே காற்று வர பத்தில் ஒரு வாய்ப்புதான் இருக்கிறது. அந்த நேரத்துக்குப் பிறகு தளத்தில் நின்று வேலை செய்ய முடியாது, ஏணி வைக்க முடியாது. ஆகவே அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: கயிறு, துணி, பாய் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு முழு நாள், படகை வேறு இடம் கொண்டுபோவதென்றால் இன்னொரு நாள்.

முழு அறிக்கை கிழக்குக் கடற்கரைக் கோடைகால நேரப்படி காலை 5, 11, மாலை 5, இரவு 11 மணிக்கு வரும். கரைக்கு எச்சரிக்கை விடுத்துவிட்டால் இடையில் 2 மணிக்கும் 8 மணிக்கும் சிறு அறிக்கை. கூடவே வரும் 'விவாதம்' என்ற உரைப் பகுதியை விடாமல் படியுங்கள். கணிப்பாளருக்கே எங்கே சந்தேகம் என்பது அதில்தான் இருக்கும். புயல் போகும் வழியை நூல் நூலாகக் கோடு போட்டுக் காட்டும் கணினி மாடல் படங்களை மணிக்கொரு தரம் பார்ப்பதில் வயிறு கலங்குவதைத் தவிர வேறு பலன் இல்லை.

கேள்வி: வாட்ச் வந்த பிறகு கிளம்பினா போதாதா சார்?

வாட்ச் என்ற முன்னெச்சரிக்கை வருவது 39 மைல் காற்றுக்கு 48 மணி நேரம் முன்பு, வார்னிங் என்ற உறுதியான எச்சரிக்கை 36 மணி நேரம் முன்பு. ஹரிக்கேன் காற்றுக்கு முன்பு அல்ல, கவனியுங்கள். வாட்ச் வந்த அன்றே படகைக் கரையேற்றும் கிரேனுக்கு வரிசை நிரம்பிவிடும். கரைக்காவல் படை துறைமுகங்களுக்கு 72, 48, 24, 12 மணி நேரக் கணக்கில் விஸ்கி, எக்ஸ்ரே, யாங்கி, ஸூலு என்று நிலை அறிவிக்கும். ஆற்றுக்குள் போக வேண்டுமென்றால் இன்னொரு சிக்கல்: மக்கள் வெளியேறத் தொடங்கினால் தூக்குப் பாலங்களைப் பூட்டிவிடுவார்கள். பாய்மரத்தோடு பாலத்துக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டால் அவ்வளவுதான்.

கேள்வி: கேட்டகரி 1 தானே, கட்டி வெச்சா தாங்காதா?

கேட்டகரி காற்றின் வேகத்தை மட்டும் சொல்வது. தண்ணீரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. 2008-இல் ஐக் புயல் டெக்சாஸின் கேல்வெஸ்டனில் கரையேறியபோது கேட்டகரி 2 தான். ஆனால் அது பரந்து விரிந்த புயல். பக்கத்து பொலிவர் தீபகற்பத்தையே கடல் எழுச்சி, அதாவது புயல் தள்ளிவரும் தண்ணீர், துடைத்துவிட்டது. வேகம் இரட்டித்தால் படகின் மேல் விழும் விசை நான்கு மடங்கு என்பதும் நினைவிருக்கட்டும்.

இன்று கேட்டகரி 1 என்றால் நாளையும் அதுவேதான் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. மைக்கேல் 2018 அக்டோபர் 7 அன்று வெறும் தாழ்வு மண்டலம், 10 அன்று புளோரிடாவின் மெக்சிகோ பீச்சில் கேட்டகரி 5. பசிபிக் பக்கம் ஓட்டிஸ், 2023 அக்டோபரில், சாதாரணப் புயலாக இருந்து ஒரே நாளில் கேட்டகரி 5 ஆகி மெக்சிகோ நாட்டின் அகாபுல்கோவில் இறங்கியது. வெதுவெதுப்பான கடல் மேல் இருக்கும் புயலை இப்போதைய நிலையைவிட ஒரு கேட்டகரி கூடுதலாக நினைத்துத் தயாராவது என் கணக்கு.

கேள்வி: 30 அடி படகு, நிலையான தளம் (அசையாத படகுத்துறை), நகர்த்த வழியில்லை. கயிறு எப்படிக் கட்டணும்?

வழக்கமாக அரை அங்குலக் கயிறு போடுவீர்கள். இப்போது 5/8 அல்லது முக்கால் அங்குல நைலான், மூன்று புரிக் கயிறு, இரட்டிப்பு எண்ணிக்கையில் வேண்டும். கிளீட் தாங்குமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்: 5/8 அங்குலக் கயிற்றுக்கு 10 அங்குலக் கிளீட். அடியில் பின்தகடு இல்லாத கிளீட் தளத்துப் பலகையோடு பெயர்ந்து வரும்.

கயிறு நீளமாக இருக்க வேண்டும். ஏன் என்று ஒரு கணக்கு. தண்ணீர் 10 அடி ஏறுகிறது என்று வையுங்கள். 8 அடிக் கயிறு என்றால் அது கிட்டத்தட்ட 13 அடியாக நீள வேண்டும். நைலானாலும் முடியாது, கயிறு அறும் அல்லது கிளீட் பிய்யும். 20 அடிக் கயிறு என்றால் 22 அடி சொச்சம் போதும், நைலான் சிரமமில்லாமல் நீண்டுகொள்ளும். அதனால் பக்கத்துத் தூணை விட்டுவிட்டு எதிர்வரிசைத் தூணில் கட்டுங்கள். முன்னும் பின்னும் குறுக்கே போகும் ஸ்பிரிங் கயிறுகளையும் முடிந்த அளவு நீளமாக விடுங்கள்.

பெரும்பாலான படகுகள் போவது கயிறு வலுவில்லாததால் அல்ல, தேய்ந்து அறுவதால். படகின் விளிம்பு ஓட்டையில் கயிறு போகும் இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள், ஒரு சிறு கூர்முனை போதும். பிளாஸ்டிக் குழாயைச் செருகாதீர்கள்: உள்ளே உராயும் நைலானின் சூடு வெளியேற முடியாமல் கயிறு உள்ளிருந்தே உருகும், வெளியே பார்த்தால் தெரியாது. பழைய தீயணைப்புக் குழாயின் துணி உறை அல்லது பாலியஸ்டர் உறை போடுங்கள். மழைநீர் உள்ளே புகுந்து கயிற்றைக் குளிர வைக்கும். ஓட்டைக்கு இருபுறமும் ஒவ்வொரு அடி உறை வர வேண்டும், நகராதபடி மெல்லிய கயிற்றால் தைத்துவிடுங்கள். நனைந்த நைலான் வலுவில் பத்திலொரு பங்காவது இழக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: எங்களுடையது மிதக்கும் தளம். தண்ணீரோட தானே ஏறும், பயமில்லையே?

தூண் முடியும் வரை பயமில்லை. உயர்ந்த ஓதத்தின் (கடலேற்றத்தின்) கோட்டிலிருந்து தூண் உச்சி வரை அளந்து பாருங்கள். கடல் எழுச்சி முன்னறிவிப்பில் சொல்லும் அடி, வழக்கமாக உலர்ந்து கிடக்கும் தரைக்கு மேலே உள்ளது. ஏறத்தாழ அந்த ஓதக்கோட்டுக்கு மேல். தூண் 8 அடி, முன்னறிவிப்பு 6 முதல் 10 என்றால், தளம், தூணைச் சுற்றிய வளையத்தோடு தூணை விட்டுக் கழன்று, கட்டியிருக்கும் எல்லாப் படகுகளையும் மொத்தமாக இழுத்துக்கொண்டு போகும். அங்கிருந்து படகை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பில்ஜ் பம்ப் (படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைப்பது) ஓடினால் போதுமல்லவா?

8 அடிக்கு 10 அடி திறந்த பின்தளத்தில் 10 அங்குல மழை என்றால் சுமார் 500 கேலன், 4,000 பவுண்டுக்கு மேல் எடை. மணிக்கு 2,000 கேலன் பம்ப் சுமார் 8 ஆம்பியர் தின்னும். கரை மின்சாரம் முதலில் போகும். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதியைப் பயன்படுத்தினால் ஆறு மணி நேரம். ஆகவே தண்ணீர் உள்ளே வராமல் பார்ப்பதுதான் வேலை: வடிகால் துளையில் இலை தழை இல்லாமல் சுத்தம், பின்தளம் வடியும் வால்வு மட்டும் திறந்து மற்ற அடி வால்வுகள் மூடல், புகைபோக்கி வாய்க்கு மரக்கட்டை அடைப்பு. சாவியில் 'அடைப்பை எடு' என்று ஒரு சீட்டு கட்டுங்கள், இல்லாவிட்டால் பிறகு அப்படியே எஞ்சினைப் போட்டுவிடுவீர்கள்.

கேள்வி: படகைத் தூண்களுக்கு நடுவே லிஃப்ட்ல தூக்கி வெச்சிருக்கேன், போதுமா?

இறக்குங்கள். மழைநீர் சேர்ந்து லிஃப்ட் முறியும், அல்லது எழுச்சி படகைத் தூக்கி அந்தத் தூண்கள் மேலேயே குத்தும். டிரெய்லர் இருந்தால் உள்நாட்டுக்கு, வெள்ளம் ஏறாத மேட்டுக்குக் கொண்டுபோங்கள். சக்கரத்துக்கு முட்டு, டயரில் பாதிக் காற்று, தரையில் திருகிய ஆங்கருக்குப் பட்டை. எடைக்காகத் தண்ணீர் நிரப்புவது எஞ்சின் வெளியே இருக்கும் அவுட்போர்டு படகுக்கு மட்டும். எஞ்சின் உள்ளே இருக்கும் படகில் செய்தால் எஞ்சின் போச்சு.

கேள்வி: படகைக் கரையில் யார்டில் ஏற்றிட்டோம். இன்னும் ஏதாவது?

தாங்கி முட்டுகளை எதிரும் புதிருமாகச் சங்கிலியால் பிணையுங்கள், இல்லையேல் அதிர்வில் விலகும். மண்தரை என்றால் ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டுப்பலகை. தரை ஆங்கருக்குப் போகும் பட்டை பாலியஸ்டராக இருக்க வேண்டும். நைலான் நீண்டால் படகு துள்ளும். சுருட்டி வைத்த முன்பாயைக் கழற்றி உள்ளே வையுங்கள். கட்டி வைத்தால் போதும் என்பவர்களின் பாய்தான் நள்ளிரவில் ஒரு முனை அவிழ்ந்து, பாய்மரத்தையே உலுக்கி விழவைக்கும். பிமினி என்ற நிழல் கூரைத் துணி, கம்பிச் சட்டம், எல்லாம் கழற்றல்.

கேள்வி: இன்சூரன்ஸ் இப்போ எடுத்தா?

புயல் கடலில் உருவானதும் புதுப் பாலிசி தர மாட்டார்கள். இருக்கும் பாலிசியில் 'பெயர் சூட்டிய புயல்' கழிவுத் தொகையை (நீங்களே ஏற்க வேண்டிய பங்கை)ப் பாருங்கள், வழக்கமான கழிவைவிடப் பல மடங்கு இருக்கும். கரையேற்றும் செலவில் ஒரு பங்கைத் தரும் பாலிசிகளும் உண்டு, ரசீதை வையுங்கள். கட்டி முடித்ததும் ஒவ்வொரு கயிற்றையும் படம் எடுங்கள்.

கேள்வி: கயிறு அவிழ்ந்தா சரிபண்ண ஒருத்தர் படகுல இருக்கலாமா?

கூடாது. 100 மைல் காற்றில் தளத்தில் நிமிரவே முடியாது, இறுகிய கயிற்றைத் தொட்டால் விரல் போகும். கட்டிவிட்டு, அறிக்கையில் சொன்ன அந்த முன்கூட்டிய நேரத்துக்கு முன்பே கரைக்குப் போய்விடுங்கள். திரும்பி வரும்போது தளத்து மின் இணைப்பு முழுக்கத் துண்டிக்கப்பட்டது என்று மெரினாக்காரர்கள் சொல்லும் வரை தண்ணீரில் கால் வைக்காதீர்கள்.