ஏத்தத்தில கியர் குறைக்கக்குள்ள கார் ஏன் குலுங்குது?

திருகோணமலை உப்புவெளியில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கா, லைசன்ஸ் எடுத்துக் கொஞ்ச காலம்தானாம், மனுவல் ஆல்டோ, டவுனுக்குள்ள ஓடுறதுல ஒரு கரைச்சலும் இல்ல, ஆனா கோட்டைக்குள்ளால கோணேசர் கோவிலுக்கு ஏறக்குள்ள மூண்டாவதுல இருந்து ரெண்டாவதுக்குப் போட்டா கார் ஒரு குலுக்குக் குலுக்குது, சிலநேரம் கரகரவெண்டு சத்தமும் வருது, கியர்பாக்ஸ் பழுதாப் போச்சுதா எண்டு.

குலுக்கத்துக்கு கியர்பாக்ஸைச் சந்தேகப்படத் தேவையில்ல தங்கச்சி. எஞ்சினுக்குப் பின்னால ஃப்ளைவீல் எண்டு எஞ்சினோட சேந்து சுத்துற ஒரு பாரமான தட்டு இருக்கு, அதோட அமந்துகொண்டு கிளச் பிளேட், நீங்க கிளச்ச மிதிச்சா ரெண்டும் விலகி எஞ்சின் தன்பாட்டுல சுத்தும், சில்லு தன்பாட்டுல உருளும். அப்ப கியர மாத்தினா பாக்ஸுக்குள்ள இருக்கிற சிங்க்ரோ ரிங் உரசி உரசி உள்ளுக்க வேகத்தச் சமனாக்கிப் பூட்டிவிடும். ஆனா அது எஞ்சின்ட வேகத்தத் தொடாது, அதச் சரிக்கட்டுறது உங்கட கால்தான்.

மூண்டாவதுல எஞ்சின் 2000 ஆர்பிஎம்ல, அதாவது நிமிசத்துக்கு 2000 தரம் சுத்துது எண்டு வைங்க, கார் அதே வேகத்துல போக ரெண்டாவதுக்கு மாத்தினா அது கிட்டத்தட்ட 3000 சுத்தவேணும், காருக்குக் கார் கொஞ்சம் கூடிக் குறையும். நீங்க அக்சிலேட்டர விட்டுட்டுக் கிளச்ச மிதிச்ச நேரத்துல எஞ்சின் 1000க்குக் கிட்ட இறங்கியிருக்கும், அப்பிடியே கிளச்ச டக்கெண்டு விட்டா அவ்வளவு வித்தியாசத்தையும் சில்லுதான் இழுத்து ஏத்தவேணும், அதான் மூக்குக் குத்துற மாதிரி முன்னுக்குத் தள்ளுது.

ரெண்டாவதப் போட்டதும் கிளச்ச விட முதல் அக்சிலேட்டர லேசா மிதிங்க, எஞ்சின் சத்தம் ஏறுறது காதுக்கே கேக்கும், அந்தச் சத்தத்தோட கிளச்ச ஆறுதலா விடுங்க, கார் பிடிக்கத் தொடங்குற இடத்துல காலக் கொஞ்சம் நிப்பாட்டி மிச்சத்த விட்டாக் காணும். இன்னொண்டு, பாதி ஏத்தத்துல எஞ்சின் திணறினபிறகு மாத்தாதீங்க, ஏத்தம் தொடங்க முதலே ரெண்டாவதுக்கு வந்திடுங்க, அங்க மான் குறுக்க வரும், சனமும் நடக்கும், மெதுவாத்தான் போகவும் வேணும். நிக்கவேண்டி வந்தா ஹேண்ட் பிரேக்க இழுங்க, ஹாஃப் கிளச்சுல, அதாவது கிளச்சப் பாதி மிதிச்சபடி காரப் பிடிச்சு வச்சிருந்தா பிளேட் கருகும், அந்த மணம் வந்தா தேய்மானம் நடக்குது எண்டு அர்த்தம்.

கரகர சத்தம் வேற விசயம், அத விடக்கூடாது. சமதரையில கார நிப்பாட்டி, எஞ்சின் ஓட, கிளச்ச முழுசா அடிவரை மிதிச்சு ஒரு அஞ்சு செக்கன் பொறுத்து ரிவர்ஸ் போட்டுப் பாருங்க. அதுலயும் கரகரத்தா கிளச் முழுசா விலகேல்ல, அனேகமா கேபிள் தளர்ந்திருக்கும், கராஜ்ல சொல்லி இறுக்கினா சரிவரலாம். ரிவர்ஸ் அமைதியா விழுந்து, ஓடக்குள்ள ரெண்டாவது மட்டும் கத்தினா அந்த சிங்க்ரோ ரிங் தேய்ஞ்சிருக்கலாம், முதல்ல கியர் ஒயிலப் பாக்கச் சொல்லுங்க, பாக்ஸக் கழட்டுற கதை அதுக்குப் பிறகுதான்.