இரண்டால் பெருக்கி முப்பதைக் கூட்டினால் போதுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

அமெரிக்காவுக்கு வந்து ஒரு மாதம் ஆகியும் வானிலை அறிவிப்பில் வரும் 41, 68 போன்ற எண்கள் குளிரைச் சொல்கின்றனவா வெயிலைச் சொல்கின்றனவா என்று பிடிபடவில்லை என்றும், செல்சியஸை இரண்டால் பெருக்கி முப்பதைக் கூட்டினால் ஃபாரன்ஹீட் வந்துவிடும் என்று தோழி சொன்ன கணக்கை நம்பலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வெளியே கிளம்பும்போது என்ன உடுத்துவது என்று முடிவுசெய்ய அந்தக் கணக்கு போதும். காய்ச்சலுக்கு மட்டும் அதை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

நீர் உறைவதற்கும் கொதிப்பதற்கும் இடையே செல்சியஸில் 100 டிகிரி என்றால், ஃபாரன்ஹீட்டில் 32 முதல் 212 வரை 180 டிகிரி இருக்கிறது. ஆகவே 1.8 ஆல் பெருக்கி 32ஐக் கூட்டுவதே உண்மையான கணக்கு. தோழியின் கணக்கு 10 டிகிரி செல்சியஸுக்குச் சரியாக 50 என்று காட்டும். அதற்கு மேலே போகப்போக விலகிக்கொண்டே வந்து, 20 டிகிரியில் 2, 30 டிகிரியில் 4, 40 டிகிரியில் 6 எனக் கூடுதலாகக் காட்டும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஓர் இரவில். என் மகளுக்கு உடம்பு கொதித்தது. கையோடு கொண்டுவந்திருந்த வெப்பமானி 39.4 என்று காட்டியது. தொலைபேசியில் பேசிய செவிலியர் ஃபாரன்ஹீட்டில் எவ்வளவு என்று கேட்க, பதற்றத்தில் இரண்டால் பெருக்கி முப்பதைக் கூட்டி 108க்கு மேல் என்று சொல்லிவிட்டேன். மறுமுனையில் ஒரு கணம் பேச்சே இல்லை. பிறகு அவர், வெப்பமானியில் தெரியும் எண்ணை அப்படியே படியுங்கள் என்றார். உண்மையான அளவு 102.9. அதுவும் கடுமையான காய்ச்சல்தான், ஆனால் உயிருக்கு ஆபத்தான 108 அன்று. கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னும் மோசம்: 103 என்பதில் முப்பதைக் கழித்துப் பாதியாக்கினால் 36.5 வரும், காய்ச்சலே இல்லை என்று எண்ணிப் பேசாமல் இருந்துவிடுவோம்.

மனத்திலேயே சரியாகப் போட ஒரு வழி உண்டு. இரண்டால் பெருக்குங்கள், வந்த விடையில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள், பிறகு 32ஐக் கூட்டுங்கள். 39.4 இரட்டித்தால் 78.8, அதில் ஏறத்தாழ 7.9 போனால் 70.9, 32 சேர்த்தால் 102.9. இருந்தாலும், பல டிஜிட்டல் வெப்பமானிகளில் அளவையை மாற்றிக்கொள்ளும் வசதி இருப்பதால், இன்றே அதை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றி வைத்துவிடுவதுதான் நல்லது. காய்ச்சல் நூறைத் தாண்டிவிட்டது என்று சொல்லிப் பழகிய நமக்கு அந்த எண்கள் புதியவையும் அல்ல. மூன்று மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு 100.4, அதாவது 38 டிகிரி செல்சியஸ், வந்தாலே உடனே மருத்துவரை அழைக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

வானிலைக்கு நான் இப்போதெல்லாம் கணக்கே போடுவதில்லை. செல்சியஸில் 0, 10, 20, 30, 40 என்பவை ஃபாரன்ஹீட்டில் 32, 50, 68, 86, 104 என்று பதினெட்டு பதினெட்டாக ஏறுகின்றன. இந்த ஐந்தையும் நெட்டுருப் போட்டுவிட்டால், இடையில் வரும் எதையும் கண்ணாலேயே மதிப்பிட்டுவிடலாம். நீங்கள் கேட்ட 41 என்பது 32க்கும் 50க்கும் நட்டநடுவில் நிற்பதால் 5 டிகிரி செல்சியஸ். 68 என்பது இதமான 20. பதினாறுக்கு 61, இருபத்தெட்டுக்கு 82 என்று இலக்கங்கள் இடம் மாறி நிற்கும் இரண்டு இணைகளும் ஏறக்குறையச் சரியானவை, ஒருமுறை கேட்டால் மறக்காது.

நாளை பத்து டிகிரி குறையும் என்று அறிவித்தால் அங்கே 32ஐத் தொடக் கூடாது, ஏனெனில் அது வெப்பநிலை அன்று, வித்தியாசம், 1.8 ஆல் வகுத்தால் ஐந்தரை டிகிரி செல்சியஸ் குறையப் போகிறது என்று பொருள்.

பனிக்காலத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். பழைய பழக்கத்தில் 10 என்ற எண்ணைக் கண்டதும் ஒரு மேல்சட்டை போதும் என்று மனம் சொல்லும். அது உறைநிலைக்கும் 12 டிகிரி செல்சியஸ் கீழே. கையுறையும் தொப்பியும் இல்லாமல் அன்று வாசலைத் தாண்டாதீர்கள்.